பயணத்தில் ஸ்போர்ட்ஸ் காரைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடையாறிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை ஓட்டிச் செல்பவர்களுக்கு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை திருட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை அதிகம் இல்லை. வண்டி நிற்கும் இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது. சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம், மாமல்லபுரத்தில் இரண்டு மணி நேரம், இரவில் விடுதி வாசலில் பத்து மணி நேரம் என்று ஒரு நாள் பயணத்தில் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே கூடுதல். தரையோடு தாழ்ந்து, எஞ்சின் ஒலியாலேயே தெருவைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒரு கார் எங்கே நிற்கிறது, யார் ஓட்டி வந்தார், எந்த விடுதிக்குள் போனார் என்பதெல்லாம் சற்று நேரத்தில் அக்கம்பக்கம் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே, வழியைத் திட்டமிடும்போதே நிறுத்தங்களையும் ஒவ்வொன்றாகத் திட்டமிட வேண்டும்.

சாவியைக் காப்பது

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாவியைத் துளையில் நுழைத்துத் திருக வேண்டியதில்லை. கதவின் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் சாவியை அழைக்கிறது. ஓரிரு மீட்டருக்குள் சாவி இருந்தால்தான் அந்த அழைப்பு அதற்கு எட்டும். சாவி, பல கார்களில் 433 மெகாஹெர்ட்ஸில், தன் குறியீட்டை அனுப்பி விடை சொல்கிறது. கார் சரிபார்ப்பது அந்தக் குறியீட்டை மட்டுமே. சாவி உண்மையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலான அமைப்புகள் அளப்பதில்லை. திருடர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவன் காருக்கு அருகில் ஒரு கருவியுடன் நிற்பான். மற்றவன் நீங்கள் உணவருந்தும் மேசைக்குப் பின்னாலோ, தங்கியிருக்கும் அறையின் சுவருக்கு வெளியிலோ இன்னொரு கருவியுடன் நிற்பான். காரின் அழைப்பு ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாவியை எட்டும். சாவியும் கார் பக்கத்திலேயே நிற்பதாக எண்ணி விடை சொல்லும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. ஒரு முறை எஞ்சின் இயங்கத் தொடங்கிவிட்டால், சாவி விலகிப் போனாலும் பல கார்கள் எச்சரிக்கை ஒலியை மட்டும் எழுப்பிவிட்டுத் தொடர்ந்து ஓடும்.

இதற்கு மலிவான மருந்து, அலைகளைத் தடுக்கும் உலோக இழை வைத்துத் தைத்த சிறு பை. ஆனால் கடையில் சொல்வதை நம்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். சாவியைப் பைக்குள் வைத்து மூடி, பையைக் கையில் பிடித்தபடி காரின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்துகொண்டால் அந்தப் பையால் பயனில்லை. நாளாக ஆக மடிப்புகளில் இழை அறுந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். விடுதி அறையில் எவர்சில்வர் டப்பாவுக்குள் சாவியை வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதையும் இதே முறையில் சோதித்துப் பார்த்த பிறகே நம்பலாம். உங்கள் காரின் அமைப்புகளில் சாவியில்லாத் திறப்பை நிறுத்திவைக்கும் வசதி இருந்தால், வெளியூர் செல்லும் நாட்களில் அதை நிறுத்திவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறப்பது அப்படி ஒன்றும் பெரிய சிரமம் இல்லை.

இரண்டாவது சாவி வீட்டில் இருக்க வேண்டும், அதே காரின் பெட்டிக்குள் அல்ல. கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று காருடன் போயிருந்தால் அதுவே வழக்காகிவிடும். சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் அதை இரண்டாம் கையாக வாங்கியவர்கள். அவர்கள் முதல் வேலையாகச் சேவை மையத்துக்குச் சென்று, காரின் நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லி, தங்கள் கையில் இல்லாதவற்றை அழித்துவிட வேண்டும்.

வேலட் பார்க்கிங்

நான் அதிகம் அஞ்சுவது மின்னணுக் கருவிகளை அல்ல, காரை நிறுத்திவைக்கச் சொல்லி விடுதி ஊழியரிடம் நாமே சாவியை நீட்டிக் கொடுக்கும் அந்த நொடியைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியில் நண்பரின் வரவேற்புக்குச் சென்றபோது, சீருடை அணிந்த இளைஞரிடம் என் இரு இருக்கைக் காரின் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டரை மணி நேரம் கழித்து வேறொருவர் காரைக் கொண்டுவந்தார். மைலேஜ் கணக்கில் பதினொரு கிலோமீட்டர் கூடியிருந்தது. கார் திரும்பிவிட்டது என்ற ஆறுதலில் அன்று நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் வந்தது தவறு என்று இன்றும் நினைக்கிறேன். பதினொரு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல முடிந்தவர்களால் நூறு கிலோமீட்டரும் ஓட்டிச் சென்றிருக்க முடியும்.

முடிந்தவரை நீங்களே நிறுத்துங்கள். கட்டாயம் கொடுக்க வேண்டி வந்தால், ஓடிய தூரத்தைக் காட்டும் திரையையும் காரின் நான்கு பக்கங்களையும் படம் எடுங்கள். டோக்கனில் வண்டி எண்ணும் நேரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுச் சாவி கோர்த்த வளையத்தோடு கார்ச் சாவியைக் கொடுக்காதீர்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் வேலட் முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் காரைப் பொறுத்து எஞ்சினின் வேகம் கட்டுப்படும், அல்லது உள்பெட்டி பூட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கையேட்டைப் படித்து அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

டோக்கனின் பின்புறம் ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 1998-இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் வேலட்டிடம் கொடுத்த கார் திருடு போன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதியையே பொறுப்பாக்கியது. காரைப் பெற்றுக்கொண்ட பிறகு அதைப் பாதுகாத்துத் திருப்பித் தர வேண்டியது விடுதியின் கடமை. அலட்சியம் நடந்திருக்கும்போது அந்த அச்சு வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனவே டோக்கனைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

நிறுத்துமிடமும் பூட்டுகளும்

நிறுத்தும்போது காரின் முகம் சுவரைப் பார்க்கட்டும். முன் சக்கரங்கள் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். கண்காணிப்புக் கேமராவும் காவலாளியின் நாற்காலியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஸ்டீயரிங் பூட்டு பழைய காலத்துப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் முகப்பு விளக்கின் பின்னால் செல்லும் வயர்களில் கருவியை இணைத்து, காரின் கணினிக்குப் போலிக் கட்டளை அனுப்பும் முறை 2023-இல் வெளியான ஆய்வுகளால் பலருக்கும் தெரியவந்தது. அந்த முறையில் சாவியின் அலையே தேவைப்படாததால் தடுப்புப் பையால் பயனில்லை. இரும்புப் பூட்டை மட்டும் எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. கீழ்ப்புறம் தட்டையாக உள்ள சிறிய ஸ்டீயரிங்கில் எல்லாப் பூட்டும் பொருந்தாது என்பதால், உங்கள் காரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுது பார்ப்பதற்காக உள்ள ஓபிடி இணைப்பு வழியாகப் புதிய சாவியைப் பதிவு செய்ய முடியும் என்பதால், அதற்கும் ஒரு மூடி பூட்டு போட்டுவிடுவது நல்லது.

தூக்கிச் செல்வது இன்னொரு வழி. இழுவை வண்டியில் ஏற்றப்படும் காரை நம் தெருக்களில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. கார் சாய்க்கப்பட்டால் ஒலிக்கும் உணரி அலாரத்தில் இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கோ பெங்களூருக்கோ காரை லாரியில் அனுப்புகிறவர்கள், மூடிய வண்டியைக் கேட்டுப் பெறுவதும், அது இரவில் எங்கே நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குவதும் அவசியம்.

ஜிபிஎஸ் கருவி இரண்டு இருக்கட்டும். காரின் மின்கலத்தோடு இணைந்த முதல் கருவியைத் திருடன் தேடிக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடுவான். தனக்கென்று மின்கலம் கொண்ட இரண்டாவது, இருக்கையின் உள்ளேயோ பின் பம்பரின் உள்ளேயோ இருப்பது உங்களுக்கும் அதைப் பொருத்தியவருக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வணிக வளாகங்களின் நிலவறைத் தளங்களில் இந்தக் கருவிகளுக்கு அலை கிடைப்பதில்லை. அங்கே நிறுத்தினால் பூட்டை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

சாலையோரம் நிற்கும்போது சிறுவர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கேட்பார்கள். மகிழ்ச்சியோடு எடுக்க விடுங்கள். ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை இயங்க விட்டுவிட்டு இளநீர் வாங்க இறங்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பயணத்தின் நடுவே இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் பதிவிடுவதையும் வீடு திரும்பும் வரை தள்ளிப்போடுங்கள்.

காகிதங்களும் காப்பீடும்

அசல் ஆர்சியையும் காப்பீட்டுச் சான்றையும் காருக்குள் வைப்பது திருடனுக்கு விற்பனைப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பதற்குச் சமம். டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களை ஏற்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-இலேயே அறிவுறுத்திவிட்டது. ஆகவே அசல்கள் வீட்டில் இருக்கலாம். காப்பீட்டு மதிப்பு இரண்டாம் ஆண்டில் 20 விழுக்காடும், நான்கு ஆண்டுகளைத் தாண்டினால் 50 விழுக்காடும் குறைத்தே கணக்கிடப்படும். சாலை வரி அதில் சேராது. புதிய காருக்கு, விலைப்பட்டியல் தொகை முழுவதையும் தரும் கூடுதல் காப்பைச் சேர்த்துக்கொள்வது வீண் செலவாகாது.

காரைக் காணவில்லையென்றால், போக்குவரத்துக் காவலர் இழுத்துச் சென்றிருக்கிறார்களா என்று உடனே விசாரியுங்கள். இல்லையென்றால் தாமதிக்காமல் 112-ஐ அழைத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் பதிவு செய்யுங்கள். உடனடியாகக் காவல் நிலையத்தில் புகார் பதிவானால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தருவதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இருந்தாலும் அதே நாளில் அவர்களுக்கும் எழுதிவிடுங்கள். பதற்றத்தில் ஃபாஸ்டேக்கை முடக்கிவிடாதீர்கள். திருடன் பரனூர் அல்லது நெமிலி சுங்கச்சாவடியைக் கடந்தால் சுங்கக் கட்டணம் பிடிக்கப்பட்ட குறுஞ்செய்தி உங்கள் கைபேசிக்கு வரும், அதைக் காவலர்களிடம் காட்ட வேண்டும். ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கு நீங்களே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இருப்பிடத்தைக் காவலர்களிடம் கொடுத்துவிட்டு அவர்களுடன் செல்லுங்கள். 17 இலக்க சேசிஸ் எண், எஞ்சின் எண், காப்பீட்டு எண் ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். கைபேசியும் காரோடு போய்விட்டால் காவல் நிலையத்தில் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.