பழைய ஆர்எக்ஸ்-7-க்கு டர்போ பொருத்துவது எப்படி: டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்

டர்போ இல்லாத பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கையில் இருக்கிறது, அதில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாதனம்) பூட்டினால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்வது 1985-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டி, எல்லாரும் எஃப்சி என்று சொல்வது. உள்ளே 13பி என்ற ரோட்டரி எஞ்சின்: சுழலும் இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி. அமெரிக்காவுக்குப் போன ஆரம்பகால எஃப்சி டர்போ இல்லாமல் 146 குதிரைத்திறன், டர்போவோடு 182. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. ஆசை தப்பில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் டர்போவை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் மற்றதைத் தேடுகிறார்கள். ரோட்டரியில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

முதலில் அனுமதி

சிங்கப்பூரில் எஞ்சினில் இப்படிப்பட்ட மாற்றம் செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வேலையை முடித்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு அபராதம் மட்டுமில்லை, சிறையும் சட்டத்தில் இருக்கிறது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை வேறு. எனவே பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை குதிரைத்திறன் வரும்?" அல்ல, "அனுமதி விண்ணப்பத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், யார் தாக்கல் செய்வது?" என்பதுதான். மழுப்பினால் வேறு பட்டறை பாருங்கள். வண்டி பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவாகியிருந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், அதற்கு இவ்வளவு செலவு தேவையா என்றும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் தாங்குமா என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள், மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் இல்லை. முக்கோண ரோட்டரின் மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை இருக்கும், அறைகளுக்கு இடையே அழுத்தம் கசியாமல் காப்பது அதுதான். சாதாரண கம்ப்ரெஷன் கேஜை மாட்டினால் மூன்று முகத்தில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். ஒரு சீல் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும், அது இருக்கிற பட்டறையைத் தேடிப் போங்கள். அதுவும் இல்லையென்றால், சாதாரண கேஜின் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு முள்ளைக் கவனியுங்கள். துள்ளல், துள்ளல், துள்ளல் என்று மூன்றும் ஒரே உயரத்துக்கு வரவேண்டும். இரண்டு நன்றாகத் துள்ளி மூன்றாவது சோம்பலாக எழுந்தால், டர்போ பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எஞ்சினைப் பிரிக்கும் செலவைக் கணக்குப் போடுங்கள்.

சோதிக்கும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ என்பது கடைசி எல்லை, முகங்களுக்கு இடையே வித்தியாசம் 1.5-க்கு மேல் போகக் கூடாது. 6-ஐத் தொட்டு நிற்கிற எஞ்சின் அன்றாடம் ஓடும்தான், ஆனால் அதன் மேல் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏற்றுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று: டர்போ இல்லாத எஃப்சியின் கம்ப்ரெஷன் விகிதம் 9.4, பிந்தைய மாடலில் 9.7. கம்பெனியே டர்போ போட்ட வண்டிகளில் 8.5, பிறகு 9.0. விகிதம் கூடினால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, சீக்கிரம் வரும். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் நாக்கிங்கைப் பொறுத்துக்கொள்ளும். ரோட்டரியில் பலமாக ஒருமுறை வந்தாலே ஏபெக்ஸ் சீல் உடையலாம், உடைந்த துண்டு வெளியே போகிற வழியில் டர்போவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போகும். எனவே ஆரம்பத்தில் 0.4 பார், அதாவது 6 பிஎஸ்ஐ அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்ரோலும் கணினியும்

டர்போ இல்லாத வண்டியில் நான்கு 460 சிசி இன்ஜெக்டர்கள், டர்போ வண்டியில் நான்கு 550 சிசி. அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ற பெட்ரோலும் போக வேண்டும், இல்லையென்றால் கலவை வறண்டு மறுபடி அதே நாக்கிங்தான். குறைந்த பூஸ்டுக்கு டர்போ மாடலின் இன்ஜெக்டர்கள் போதும், பின்னால் ஏற்றும் எண்ணம் இருந்தால் இரண்டாம் வரிசையில் பெரியவற்றைப் போடலாம். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு, புது ஃபில்டர், அதற்கென்று தனி வயர். பழைய வண்டியின் முப்பது வருட வயரில் புது பம்பை மாட்டினால் வோல்டேஜ் இறங்கி, பம்பு தன் பாதி வேலையைத்தான் செய்யும்.

எஞ்சினை இயக்கும் கணினியான பழைய ஈசியுவுக்கு பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஹால்டெக், லிங்க் போன்ற தனி ஈசியு ஒன்றைப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் ரோட்டரி பைத்தியம் அதிகம், அதனால் அங்கிருந்து வரும் ஹால்டெக்குக்கு இந்த எஞ்சின் பழக்கமானது. கூடவே காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். இது கட்டாயம்.

சூடு

ரோட்டரியின் புகை பிஸ்டன் எஞ்சினின் புகையைவிடச் சூடானது, எஞ்சின் சூட்டில் கணிசமான பங்கை எஞ்சின் ஆயிலே சுமக்கிறது. நம் ஊரிலோ வருடம் முழுக்க 30 டிகிரிக்கு மேல், போதாததற்கு மாலையில் மத்திய விரைவுச்சாலை நெரிசல். அலுமினிய ரேடியேட்டர், நல்ல நிலையில் உள்ள ஆயில் கூலர், முன்பக்கம் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதன் காற்றை மறைக்கும் என்பதால், ரேடியேட்டர் ஃபேனும் சுற்றி உள்ள இடைவெளிகளை அடைக்கும் தகடுகளும் சரியாக இருக்க வேண்டும். காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் பக்கத்தில் நழுவினால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தும் பிரயோசனமில்லை.

இப்போது டர்போ

ஜப்பானில் எஃப்சி டர்போவோடு விற்ற வண்டி என்பதால் அங்கிருந்து வரும் பழைய பாகங்களை ஜொகூரில் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும் முன் அச்சைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிளேடு உறையைத் தொட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

13பி-யில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். இதனால் டர்போ இன்டேக்குக்கு அடியிலேயே வந்து உட்காரும், பக்கத்தில் உள்ள ஹோஸ், வயர் எல்லாவற்றுக்கும் வெப்பத்தடுப்புத் தகடு அவசியம். எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு கனமான எஃகில் இருக்கட்டும், மெல்லிய மலிவு மேனிஃபோல்டு இந்தச் சூட்டில் வெல்டிங்கிலேயே விரிசல் விடும். மிஞ்சும் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட் பெரியதாக வேண்டும்: ரோட்டரி தள்ளும் புகையைச் சின்ன வேஸ்ட்கேட் வெளியேற்ற முடியாமல், நீங்கள் 6 என்று வைத்த பூஸ்ட் தானாக 9, 10 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஆயில் குழாய்களில் கவனம் வையுங்கள். உள்ளே போகும் குழாய் மெல்லியது, அழுத்தத்தில் போகும். பால் பேரிங் டர்போ என்றால் அளவைக் குறைக்க ரெஸ்ட்ரிக்டர் போட வேண்டும். திரும்பி வரும் குழாயில் அழுத்தம் கிடையாது, நுரைத்த ஆயில் தன் எடையிலேயே இறங்க வேண்டும். அதனால் அது தடிமனாக, வளைவு இல்லாமல், முழுக்கச் சரிவாக வந்து ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தொய்ந்தால் ஆயில் அங்கே தேங்கி, டர்போ சீல் வழியே கசிந்து நீலப் புகையாக வரும், நீங்களோ டர்போ போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பிளக், ட்யூனிங்

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக், லீடிங், ட்ரெய்லிங் என்று. வழக்கமாக லீடிங்கில் என்ஜிகே 7, ட்ரெய்லிங்கில் 9 (எண் கூடினால் பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்). பூஸ்டுக்கு நான்கிலும் 9 போடுங்கள். பிறகு டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டி அதன் திறனை அளக்கும் கருவி) ட்யூன். பிஸ்டன் வண்டிகளை மட்டும் பார்த்த ட்யூனரிடம் போகாதீர்கள், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11-ஐ ஒட்டி, பிளக் பொறி விடும் டைமிங் பின்வாங்கி, ட்ரெய்லிங் பிளக் லீடிங்குக்குப் பிறகு நன்றாகத் தள்ளி எரிவதாக இருக்க வேண்டும். கடைசி ஐந்து குதிரைத்திறனைப் பிழிய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

டைனோவிலிருந்து வந்த பிறகு முதல் சில ஓட்டங்களில் ஆயில் மட்டம், மேனிஃபோல்டு நட், ஹோஸ் கிளாம்ப் மூன்றையும் பாருங்கள். இந்த எஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டே ஓடும் வடிவமைப்பு, ஆகவே ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை உருவுங்கள்.

மலேசியாவின் செப்பாங் பந்தய டிராக்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: ட்யூன் செய்தது இங்குள்ள 98 ஆக்டேன் பெட்ரோலில், மலேசியாவில் பெரும்பாலும் கிடைப்பது 97, சிங்கப்பூர் வண்டிக்கு அங்கே 95 போடவும் கூடாது. முக்கால் டேங்க் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது என்பதால் போகிற பெட்ரோல் இங்கத்தியதாக இருக்கும், ஆனால் ரோட்டரியின் பசிக்கு அது டிராக்கில் ஓட்டும் வரை மிஞ்சாது. அதனால் 97-க்கென்று குறைந்த பூஸ்டில் ஈசியுவில் இரண்டாவது மேப் (அமைப்புத் தொகுப்பு) ஒன்றையும் ட்யூனரை அன்றைக்கே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.