எடை குறைப்பு ஆபரேஷன்: ஆஸ்பத்திரி நாட்களும் வீட்டில் முதல் மாதமும்

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று பேசும் வீடியோக்கள் தமிழில் ஏராளம். நாள் குறித்தாகிவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது, இனி என்ன என்று நிற்பவருக்குத்தான் சொல்ல ஆள் இல்லை. என் அக்காவுக்கு ஸ்லீவ் என்ற வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்தபோது துணைக்கு இருந்தவள் நான். அதனால் படுத்திருப்பவருக்கு மட்டுமல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் மாதத்தில் எடை எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது உங்கள் வேலை இல்லை. அது தானாக இறங்கும். உங்களுக்கு இரண்டே வேலை: குடிப்பது, நடப்பது. டிஸ்சார்ஜ் ஆனவர்கள் திரும்ப அட்மிட் ஆகும் காரணங்களில் முன்னால் நிற்பது வாந்தியும் அதனால் உடம்பில் நீர் வற்றுவதும்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் கூடுதலாக ஸ்டேப்ளர் போட்டு வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மிஞ்சும். அதில் 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் சுமார் 30 மி.லி. பிடிக்கும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். இரண்டுக்கும் முதல் மாதப் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் டாக்டர் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால், அந்தத் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

1. பை கட்டும்போது

முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான உடை, குனியாமல் மாட்டிக்கொள்ளும் செருப்பு, வறண்ட உதட்டுக்கு வாசலின், இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்று. மூடி எதற்கென்று அப்புறம் சொல்கிறேன். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதற்காக சி-பேப் மெஷின் வைத்திருப்பவர்கள் அதை மாஸ்க்கோடு கொண்டுபோக வேண்டும். மயக்கம் தெளியும் முதல் இரவில்தான் அது மிகவும் தேவைப்படும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா ஒண்ணு, காலையில போடுவேன்" என்றால் டியூட்டி டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

ஆபரேஷனுக்கு முன் சுமார் இரண்டு வாரம் புரோட்டீன் பவுடரும் சூப்புமாக இருக்கச் சொல்வார்கள். கல்லீரலில் உள்ள கொழுப்பைக் குறைத்து அதைச் சுருக்கத்தான் இது. கல்லீரல் இரைப்பையை மூடியபடி இருப்பதால், பெருத்திருந்தால் சர்ஜனுக்கு இடம் கிடைக்காது. 'கடைசி பிரியாணி' ஆசை எல்லாருக்கும் வரும். அந்த இரண்டு வாரம் தொடங்குவதற்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துள்ள பொது வாசகப்படி பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, தீவிர தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை இருந்தால் 35 போதும். ஆசியர்களுக்கு மருத்துவ வழிகாட்டிகள் வைத்திருக்கும் அளவு இதைவிடக் குறைவு. ஆகவே டாக்டர் "செய்யலாம்" என்றதும் பாலிசி பணம் தந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அட்மிஷனுக்கு முன்பே ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

2. முதல் இரவு

கண் விழித்ததும் தொண்டை கரகரக்கும். மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் வைத்திருந்ததன் விளைவு. காலில் சுற்றியிருக்கும் உறை சற்றைக்கொருமுறை காற்று நிரம்பி இறுகித் தளரும். வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வலிக்கும்தான், ஆனால் டிரிப்ஸில் மருந்து போய்க்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் தாங்கக்கூடிய வலி. தாங்க முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் பெல்லை அழுத்துங்கள்.

ஆளை உண்மையில் பயமுறுத்துவது தோள்பட்டை வலி. கத்தி வைத்தது வயிற்றில், தோள் ஏன் வலிக்கிறது, ஹார்ட் அட்டாக்கோ என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியாக ஆபரேஷன், செய்யும்போது வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே செலுத்துவார்கள். அதில் மிச்சமிருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தை உறுத்தும். அந்த உறுத்தலைக் கொண்டுபோகும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளைக்குத் தோள் வலிப்பதாகவே தோன்றும். சில நாளில் தானே போய்விடும். நடந்தால் இன்னும் சீக்கிரம் போகும். அதற்காகச் சொல்லாமல் இருக்க வேண்டாம், எந்த வலியானாலும் சிஸ்டர் காதில் போட்டு வையுங்கள்.

நடை பெரும்பாலும் அன்று மாலையே தொடங்கும். "எழுந்திருங்கக்கா, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்று சிஸ்டர் வந்து நிற்கும்போது அவர்மேல் கோபம்தான் வரும். ஆனால் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. காலில் உள்ள உறையும், வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியும் இதற்காகத்தான். எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நேராக எழ முயலக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, காலை முதலில் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இன்னொரு கையால் ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் உட்கார்ந்து தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளுவது துணைக்கு வந்தவர் வேலை.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றும் கொடுப்பார்கள். பார்த்ததும் எல்லாரும் அதை ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை வாயில் கவ்வி, பந்து மேலேறும்படி மெதுவாக உள்ளே இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை. நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தங்காமல் இருக்கும்.

3. மூடிக் கணக்கு

டாக்டர் அனுமதித்ததும் தண்ணீர் ஆரம்பிக்கும். இப்போது அந்த அளவு மூடியை எடுங்கள். அதால் அளந்த 30 மி.லி. தண்ணீரை 15 நிமிஷத்தில், சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டும். மணிக்கு 120 மி.லி. ஆகிறது. இந்த வேகத்தில் ஒரு நாளுக்குத் தேவையான ஒன்றரை லிட்டரை எட்ட பன்னிரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதாவது மதியம் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கிவிட்டால் கால் லிட்டர் போச்சு, அதை ராத்திரி ஒரே மூச்சில் ஈடுகட்டவும் முடியாது. போனில் 15 நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வைத்து, குடிக்கக் குடிக்கக் காகிதத்தில் கோடு போட்டு வாருங்கள். முதல் நாளே முழு அளவும் போகாது. அதுவரை டிரிப்ஸ் இருக்கிறது.

நம் ஊரில் பலருக்கு அண்ணாந்து குடிக்கும் வழக்கம் உண்டு. அதற்குக் கொஞ்ச காலம் விடுப்பு கொடுங்கள். அண்ணாந்தால் மடக் மடக்கென்று தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும், புது வயிறு தாங்காது. வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். ஸ்ட்ராவும் சோடாவும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

வயிறு நிறைந்ததை இனி பழைய மாதிரி உணர மாட்டீர்கள். நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு அழுத்தம், திடீர் விக்கல், வாயில் எச்சில் ஊறுவது, மூக்கு ஒழுகுவது, இவைதான் அறிகுறி. இதில் ஒன்று வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். இன்னொரு வாய் குடித்தால் வாந்திதான்.

4. டிஸ்சார்ஜ்

சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன ஆபரேஷன் என்பது தெளிவாக இருக்கிறதா பாருங்கள், போனில் படம் பிடித்து வையுங்கள், ராத்திரியில் அழைக்க வேண்டிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வெளியூர் என்றால் காரில் மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்கும் ஊசி சிலருக்கு வீட்டிலும் தொடரும்.

காயத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். குளித்த பின் வயிற்று மடிப்பின் அடியில் ஈரம் தங்காமல் ஒற்றித் துடைத்தால் போதும்.

5. என்ன சாப்பிடுவது

ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம்: காரமில்லாத வடிகட்டிய ரசம், நீர் மோர், எலும்பு சூப். அப்புறம் சுமார் இரண்டாம் வாரம் முடியும்வரை பால், புரோட்டீன் பானம், நீர்க்கக் கரைத்த தயிர். மூன்றாம், நான்காம் வாரத்தில் மிக்சியில் மசித்தவை. அதற்கு மேல் மெத்தென்ற உணவு, ஆறேழு வாரத்தில் மெல்ல மெல்ல திட உணவு. நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், வரிசை மாறாது. நாலாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று இட்லிக்குத் தாவாதீர்கள். உள்ளே ஸ்டேப்ளர் போட்ட கோடு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை, பருப்புத் தண்ணியில் சத்து இருக்கிறது என்று. அதில் பெரும்பாலும் இருப்பது தண்ணிதான். கஞ்சியில் மாவுச்சத்து, இளநீரில் உப்பும் சர்க்கரையும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. கூட்டிப் பார்த்தால் புரோட்டீன் பவுடர் இல்லாமல் முதல் வாரங்களில் இந்த எண்ணை எட்ட முடியாது என்பது புரியும். பாலிலிருந்து எடுத்த புரோட்டீன் பவுடர் குடித்து வயிறு பொருமினால், பால் சர்க்கரையான லாக்டோஸ் குறைந்த 'ஐசொலேட்' வகையைக் கேளுங்கள்.

மசித்த உணவுக்கு வந்ததும் வேகவைத்த முட்டை, பனீர், முள் எடுத்த மீன், கெட்டிப் பருப்பு ஆகியவற்றை டீஸ்பூனால் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் கழித்துத்தான். சாதமும் சப்பாத்தியும் உருண்டு அடைத்துக்கொள்ளும் என்பதால் கடைசியில் வரட்டும். ஃபில்டர் காபிக்கு டாக்டர் சொல்லும்வரை பொறுக்கத்தான் வேண்டும், மருந்தைவிட இதுதான் கசப்பு.

6. மாத்திரை

சர்க்கரைக்குப் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சாப்பாடே இல்லையே! டிஸ்சார்ஜ் அன்று புது அளவு என்ன என்று கேட்டே ஆக வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரைக்கும், இதே விதி. இடுப்பு வலி, தலைவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போடாதீர்கள். புண் வரும், பைபாஸ் செய்தவருக்கு இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் போதும். பெரிய மாத்திரைகளைப் பொடித்துச் சாப்பிடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

7. உடனே போக வேண்டியது எப்போது

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்பே பல சமயம் நாடிதான் காட்டிக்கொடுக்கும். வீடு திரும்பிய பிறகும் கசிவு வரக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று கொரோனா காலத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கும், தூசி தட்டி எடுங்கள். அதில் நாடியும் தெரியும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கறுப்பாக மலம் போவது, இவை எல்லாம் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டியவை. போவது ஆபரேஷன் செய்த இடத்துக்கே.

வாந்தி நிற்காமல் தண்ணீரும் தங்கவில்லை, சிறுநீர் கருமஞ்சளாகக் கொஞ்சமே போகிறது என்றாலும் அப்படித்தான். தெரு முனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்று நுழைந்துவிடாதீர்கள். பல நாள் வாந்தி எடுத்தவர் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்திருக்கும். அந்த நிலையில் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் இதன் அறிகுறி. என்ன ஆபரேஷன் ஆனது என்பதை எந்த டாக்டரிடமும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

8. மனசும் உறவினரும்

முதல் வாரத்தில் ஒரு நாள், அடுப்பங்கரையில் வெங்காயம் வதங்கும் வாசனைக்கு அழுகை வரும். எதற்கு இதைச் செய்துகொண்டோம் என்று தோன்றும். ஏறக்குறைய எல்லாருக்கும் தோன்றுவதுதான். துணைக்கு இருப்பவர் அறிவுரை சொல்லாமல் மாடியிலோ வாசலிலோ பத்து நிமிஷம் கூட நடந்தால் போதும். இரண்டு வாரம் கடந்தும் எதிலும் பிடிப்பில்லாமல் தூங்காமல் கிடந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வருவார்கள். "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று பெரியம்மா சொன்னால் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. "டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார் பெரியம்மா, மீறினா திட்டுவார்" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். அவர் அதற்குப் பழகியவர்.

மூன்றாம் வாரம் வாக்கில் எடை முள் சில நாள் அசையாமல் நிற்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், மறுபடி இறங்கும். மூன்றாம் மாதம் போல முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஒரு மாதமாவது ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரன் பேத்தி எல்லாம் இதில் சேர்த்தி. எடை இறங்கும்போது பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். கருத்தடைக்கு என்ன வழி என்பதை டிஸ்சார்ஜ் அன்றே பேசிவிடுங்கள். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. முதல் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் மூன்றாம் மாதம் வரும், தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.