வேப்பங்கொட்டைக் கரைசல்: நான் பண்ணிய தவறுகள், இப்போது நீங்களும்

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒரு வெண்டை இலையோடு வந்தார். "அண்ணே, நேத்து சாயங்காலம்தான் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சேன். புழு அப்படியே ஊருது பாருங்க." 15 வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் இலையோடு அலைந்தேன். வடிகட்டாமல் டேங்கில் ஊற்றுவது மாதிரியான தவறு ஒருமுறை நாசில் அடைத்தால் தானாகத் திருந்திவிடும். அதை விடுவோம்.

மறுநாளே பலன் தேடுவது

வேம்பு அடித்த உடனே கொல்லாது. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழுவைத் தின்ன விடாது, தோலுரிக்க விடாது. புழு சாக நாலைந்து நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரம்கூட. அதுவரை புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இலையில் புது ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. 30 சென்ட் வெண்டை. இரண்டாம் நாளே மருந்துக்கடைக்குப் போய் பைரித்ராய்டு என்ற ரசாயனப் பூச்சிமருந்து ஒன்றை வாங்கி அடித்தேன். புழு பொத்துப்பொத்தென்று விழுந்தது, எனக்கு ஒரே பெருமை. கூடவே கெட்ட பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டும் செத்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் செடியைத் தட்டினால் மாவு பறப்பது போல வெள்ளை ஈ. அதன் பின்னாலேயே மஞ்சள் நரம்புத் தேமல். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், வந்த செடிக்கு மருந்தே கிடையாது. காய் வெளிறிப்போய் பாதித் தோட்டத்தைப் பிடுங்கி எரித்தேன். இதில் இன்றைக்கும் எரிச்சல் என்னவென்றால், ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்தது, "வேம்பு வேலைக்கு ஆகல!"

தம்பியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். புழு இருந்தது, புதுக் கடி இல்லை. ஒரு வாரத்துக்கு மருந்துக்கடைப் பக்கம் போகாதே என்று அனுப்பினேன்.

எந்தக் கொட்டையானாலும் சரி என்பது

பொறுக்கி மூன்று மாதம் ஆகாததும் வேண்டாம், எட்டுப் பத்து மாதம் தாண்டியதும் வேண்டாம். நிழலில் காய்ந்திருக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ என்பது ஓடு நீக்கிய பருப்பின் எடை. ஓட்டோடு நிறுத்தால் கரைசல் தண்ணியாகத்தான் இருக்கும். இடித்து இரவு முழுக்க ஊறப்போட்டு, பால் நிறத்தில் வடித்து, 200 கிராம் காதி சோப்பு கலந்து அன்றைக்கே அடியுங்கள். சீக்கிரம் இறங்கட்டும் என்று அடுப்பில் ஏற்றாதீர்கள்.

உச்சி வெயிலில் அடிப்பது

வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். நாலு மணிக்கு மேல்.

புகையிலைக் கஷாயத்தில் வெறுங்கை

இதுவும் பூச்சிக்கு அடிக்கும் கரைசல்தான். செடிதானே என்று கையை விட்டுக் கலக்குகிறார்கள். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்ற நஞ்சு தோல் வழியாகவே உடம்பில் ஏறும். வாந்தி எடுத்து வரப்பில் சாய்ந்தவரைப் பார்த்திருக்கிறேன்.