செயற்கைக்கோள் மழையையும் மழைமானி மழையையும் சேர்ப்பது எப்படி?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. சரி, மழைமானியே இல்லாத பக்கத்து ஊர்களிலும் குளங்களிலும் எவ்வளவு கொட்டியது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முறையைக் கற்றேன்.

செயற்கைக்கோள் தரவுக்கு நாசாவின் ஐமெர்க் (IMERG) என்ற மழைத் தரவுத் தொகுப்பு போதும். அதில் நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள்; கட்டம் ஒன்று 0.1 பாகை, அதாவது சுமார் 11 கி.மீ.; அரை மணிக்கு ஒரு கோப்பு. நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் கணக்கு தொடங்கினால் இலவசமாகவே கிடைக்கும். எர்லி (விரைவில் வருவது), லேட் (சற்றுத் தாமதமாக வருவது), ஃபைனல் (இறுதியானது) என்று மூன்று வகை உண்டு. லேட்டை எடுங்கள். ஃபைனலில் அந்தந்த மாதத்து மழைமானி அளவுகளை ஏற்கனவே சேர்த்துச் சரிசெய்திருப்பார்கள். அதன்மேல் நாமும் சேர்த்தால் எது யாருடைய திருத்தம் என்றே தெரியாது.

அடுத்ததுதான் முக்கியமான படி. நம் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. முடியும் தேதியைத்தான் அதற்குப் போடுகிறார்கள். ஐமெர்க்கின் நாளோ உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. நான் தேதியை மட்டும் பார்த்து 18-ஆம் தேதியின் தினசரிக் கோப்பை எடுத்தேன். மழைமானியின் நாளும் அந்தக் கோப்பும் ஒத்துப்போவது வெறும் மூன்று மணி நேரம்தான்! எண்கள் எதுவும் பொருந்தாமல், செயற்கைக்கோள்தான் தப்பு என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனவே தினசரிக் கோப்பே வேண்டாம். பொது நேரம் 17-ஆம் தேதி 03:00-க்குத் தொடங்கும் கோப்பு முதல் 18-ஆம் தேதி 02:30-க்குத் தொடங்கும் கோப்பு வரை 48 கோப்புகளை எடுத்துக் கூட்டுங்கள். அவற்றில் இருப்பது மணிக்கு இத்தனை மி.மீ. என்ற வேகம். கூட்டியதை இரண்டால் வகுத்தால்தான் மழையளவு வரும். இதற்குப் பைத்தான் நிரல்மொழியும், கட்டத் தரவுகளைக் கையாளும் அதன் எக்ஸ்அரே (xarray) நிரல் தொகுப்பும் எனக்குப் பிடித்தவை; கையால் செய்யவே கூடாத வேலை இது.

அப்புறம் ஒவ்வொரு மழைமானியும் விழும் கட்டத்தின் மதிப்பை எடுத்து, மானி அளவிலிருந்து கழியுங்கள். விகிதம் எடுக்காதீர்கள், செயற்கைக்கோள் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும் இடத்தில் விகிதம் எங்கோ எகிறிவிடும். இந்த வித்தியாசங்களைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஐடிடபிள்யூ (IDW) முறையில், மானி இல்லாத இடங்களுக்கும் பரப்புங்கள். கிட்டே இருக்கும் மானிக்கு அதிக எடை, தூரத்து மானிக்குக் குறைவு, அவ்வளவுதான். பரப்பியதைச் செயற்கைக்கோள் மழையோடு கூட்டி, எதிர்ம எண்களைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். கிரிகிங் என்ற புள்ளியியல் முறை இன்னும் நுட்பமானதுதான், ஆனால் பத்துப் பதினைந்து மானிகளை வைத்து அதில் இறங்க வேண்டாம்.

ஒரு மானியை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு அந்த இடத்தைக் கணித்துப் பாருங்கள். எல்லா மானிக்கும் இப்படிச் செய்து, பிழை செயற்கைக்கோள் மட்டும் தரும் பிழையைவிடக் குறைந்திருந்தால் வரைபடத்தை நம்பலாம்.

பின்சேர்க்கை: வரைபடம் சாய்ந்து கிடக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஐமெர்க்கில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு வரும். வரைவதற்கு முன் டிரான்ஸ்போஸ் செய்யுங்கள், அதாவது இரண்டையும் இடம் மாற்றுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முயன்ற ஒருவருக்கு மழை மிகக் குறைவாக வந்தது. அங்கே தாழ்வான, உச்சி அவ்வளவு குளிராத மேகங்களும் நன்றாகப் பெய்யும். அவற்றைச் செயற்கைக்கோள் குறைத்தே மதிப்பிடும். சமவெளி மானிகளின் வித்தியாசத்தை மலைமேல் பரப்பாமல், மலை மானிகளைத் தனியாக வைத்துக் கணக்கிடுங்கள்.