பேட்டரி புல்வெட்டி கிளம்பவில்லையா?

திருவொற்றியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்னும் உப்புக்காற்று, பேட்டரி புல்வெட்டியை மட்டும் சும்மா விடுமா? போன மாதம் ஒருநாள் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது, மெஷினில் மாட்டினால் உயிர் இல்லை. பேட்டரி போச்சு, புதுசு வாங்குங்கள் என்றார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரி உட்காரும் பள்ளத்தில், உலோகத் தகடுகள்மேல் பச்சையாகக் களிம்பு! காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். ஓடிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றால், பெரும்பாலும் அடியில் ஈரப்புல் அடைத்திருக்கும். மோட்டார் திணறி, சூடாகி, தானே அணைந்துவிடும். பேட்டரியையும், மெஷினில் செருகியிருக்கும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும், இதில் சோம்பலே கூடாது. மரக்குச்சியால் சுரண்டினால் போதும், ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டாம். பிளேடு மழுங்கினாலும் சார்ஜ் சீக்கிரம் தீரும்.

அப்புறம், மே மாத வெயிலில் வெட்டிய சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால், ஏறக்குறைய பாதி சார்ஜில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மொட்டை மாடித் தகர ஷெட் வேண்டவே வேண்டாம்.