பாட்டில் ராக்கெட்டை ஏவுதலுக்குத் தயார்படுத்துவது எப்படி?

வானம் தெளிவாக இருக்கும் நாள்களில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டை வடசென்னையின் மொட்டை மாடிகளிலிருந்தே வடக்குத் திசையில் காணலாம். ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படிப் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று விடலாமா?" என்று கேட்டதில் பிறந்தது இந்தச் செய்முறை. பாட்டிலை மேலே அனுப்புவது எளிது. ஏவுதளத்தில் நடக்கும் தயாரிப்பை அதே ஒழுங்கில் செய்து பார்ப்பதில்தான் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

2 லிட்டர் குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் பாட்டில் வேண்டாம், அது அழுத்தம் தாங்காது. வாய்க்குப் பொருந்தும் ரப்பர் கார்க்கில் துளையிட்டுத் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையில் சைக்கிள் வால்வைப் பொருத்த வேண்டும். குழாயின் நடுவில் காற்றைத் திறந்துவிட ஒரு சிறு திருகு அவசியம். பாதியில் நிறுத்த நேர்ந்தால் அதுவே வழி. பழைய ஃபைல் அட்டையில் மூன்று துடுப்புகளை வெட்டி வாய்ப்பக்கமும், களிமண் உருண்டையை மூக்கிலும், அதாவது பாட்டிலின் அடிப்பக்கத்திலும், ஒட்டுங்கள்.

இனி சோதனை. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கட்டங்கள், அதாவது அதன் அடுக்குகள், ஏவுதலுக்கு வெகு முன்பே தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு, பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. செயற்கைக்கோள் தூசு புகாத அறையில் தனியே பரிசோதிக்கப்பட்டுக் கடைசியில்தான் உச்சியில் ஏறுகிறது. நீங்களும் காலி பாட்டில் ஒரு பக்கமும் சாயாமல் சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே சென்றால் சரி. தடுமாறினால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

அடுத்தது கசிவு. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பதைப் போல, கார்க் மாட்டிய பாட்டிலில் இரண்டு மூன்று முறை மட்டும் பம்ப் அடித்து, வாய்ப்பக்கத்தை யார் முகத்துக்கும் நேராக இல்லாதபடி வாளி நீரில் அமிழ்த்துங்கள். ஒருமுறை இதை அவசரத்தில் விட்டுவிட்டேன். கார்க்கின் ஓரத்தில் கடுகளவு கீறல் இருந்தது, அரை மணி நேரம் பம்ப் அடித்தும் பாட்டில் அசையவில்லை, பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 19 அன்று இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் கிளம்புவதற்கு 1 மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்து, ஏவுதல் நிறுத்தப்பட்டது. அதே ராக்கெட் 2014 ஜனவரி 5 அன்று வெற்றிகரமாகப் பறந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நிறுத்தியவர்களும் கெட்டிக்காரர்கள்தாம் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும்.

நேரம் அதிகாலையாக இருக்கட்டும். துடுப்புள்ள ராக்கெட் காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பும் என்பதால், கடற்காற்று எழுந்த பிறகு கரையோரத்தில் விட்டால் அது கடலுக்குள் போய்விழும். ஸ்ரீஹரிகோட்டாவில் பலூன்களை அனுப்பி மேல்காற்றை அளப்பார்கள்; நமக்கு ஒரு கம்பத்தில் கட்டிய ரிப்பன் போதும். மின்கம்பி இல்லாத திறந்த மைதானமாகப் பார்த்து, சுற்றிலும் 10 மீட்டருக்கு ஆளை விலக்குங்கள். ஏவுதல் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாமென்று எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பி.எஸ்.எல்.வி.யின் திரவக் கட்டங்களில் எரிபொருள் நிரப்புவது கவுண்ட்டவுன் ஓடும்போதுதான். நாமும் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, கார்க்கை இறுக்கி, பாட்டிலை மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி ஒரு தாங்கியில் நிறுத்த வேண்டும். ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் "சரி" என்று சொல்லட்டும். பம்ப் அடிப்பவர் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறியபின் கார்க் எந்த நொடியும் விடுபடலாம். ஆகவே அதற்குப் பிறகு யாரும் கிட்டே போகக் கூடாது. எவர் "நிறுத்து" என்றாலும், மிகச் சிறிய பிள்ளையே சொன்னாலும், திருகைத் திறந்து காற்றை விட்டுவிடுங்கள்.

விழுந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு தென்பட்டால் அதை மறுபடி ஏவாதீர்கள். துடுப்புகளைப் பிரித்து அடுத்த பாட்டிலில் ஒட்டுங்கள்.