பேட்டரியைக் கழற்றினால் சர்வரோடு பேச மறுத்த வண்டிகள்

சர்வீஸில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய வண்டிகள் மட்டும் எங்கள் சர்வரோடு இணையவே இல்லை. எல்லோரும் சிம் கார்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். வண்டியிலிருந்து சர்வருக்குத் தகவல் அனுப்பும் டெலிமேட்டிக்ஸ் யூனிட்டின் லாக்கைப் பார்த்தால், பாதுகாப்பான இணைப்புக்காகச் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கிலேயே 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நின்றிருக்கிறது, பக்கத்தில் தேதி 1970 ஜனவரி 1. பேட்டரியைக் கழற்றியதும் யூனிட்டின் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது, அதன் கணக்கில் பூஜ்யம் என்பது அந்தத் தேதிதான், அவ்வளவுதான்.

சான்றிதழின் தேதிச் சோதனையையே எடுத்துவிடலாம் என்றார் ஒருவர்; காலாவதியான சான்றிதழையும் வண்டி நம்பட்டும் என்கிறாரா? ஜிபிஎஸ் நேரத்தை மட்டும் நம்பவும் முடியாது, போலி சிக்னல் அனுப்ப ஆள் இருக்கிறார்கள். அதனால் டிஜிட்டல் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரின் (யூனிட்டை இயக்கும் மென்பொருளின்) பில்ட் தேதியை, அதாவது அது உருவாக்கப்பட்ட தேதியை, கீழ் எல்லையாக வைத்து, அதற்கு முந்தைய நேரம் எதையும் ஏற்காமல், ஜிபிஎஸ்ஸும் மொபைல் நெட்வொர்க்கும் ஒத்துப்போனால் மட்டும் கடிகாரத்தைத் திருத்தும்படி மாற்றினோம். ஏற்கெனவே சிக்கிக்கொண்ட வண்டிகள் சர்வரோடு இணையவே முடியாததால், இதை ஓடிஏவில் (கம்பியில்லாமல் இணையம் வழியாக) அனுப்ப வழியில்லை, வண்டியைப் பரிசோதிக்கக் கருவி மாட்டும் ஓபிடி போர்ட்டில் கேபிள் செருகித்தான் ஏற்றினோம்.